ஐம்பதுக்குப் பிறகு பிளக்ட்ரம்

கிட்டார் கம்பியை மீட்டும் சின்னச் சில்லுதான் பிளக்ட்ரம். பழையது ஒன்றை எடுத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கையின் ஜாதகம் அதில் எழுதியிருக்கும். நுனியின் ஒரு பக்கத் தோள் மட்டும் வழவழவென்று சரிவாகத் தேய்ந்திருந்தால், அது கம்பியைச் சாய்வாகத் தொட்டு நழுவிப் போகிற கை. கவலையில்லை. இரண்டு தோளும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் தட்டையாக வைத்து அடிக்கிற கை. விளிம்பில் ரம்பப் பல் மாதிரி சின்னச் சின்ன வெட்டுகள் விழுந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். பிளக்ட்ரம் சுற்றுக் கம்பிகளுக்கு (மேலே உலோக இழை சுற்றிய தடித்த கம்பிகள்) நடுவே ஆழமாக இறங்குகிறது, இறங்கியதை வெளியே இழுக்கக் கட்டைவிரல் இறுகுகிறது என்று அர்த்தம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் திருவிழா மேடையிலும் கல்யாண வீட்டிலும் இருபது முப்பது வருடம் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்களிடம் அடிக்கடி கண்ணில் படுவது இந்த மூன்றாவது ரகம்.

அதற்கு முதல் காரணம் வயது இல்லை, மேடை. அம்மன் கோயில் பொட்டலில் மேடை போட்டால் சுற்றிலும் சுவர் கிடையாது. சத்தம் போனது போனதுதான், திரும்பி வராது. பக்கத்தில் பேடும் தவிலும், முன்னால் ஸ்பீக்கர் அடுக்கு, கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் காலுக்குக் கீழே. தன் கிட்டார் தன் காதுக்கு எட்டாதபோது எந்தக் கையும் ஓங்கித்தான் அடிக்கும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருபத்தைந்து வயதில் அப்படி நான்கு மணி நேரம் அடித்தாலும் காலையில் கை சரியாகிவிடும். ஐம்பதைத் தாண்டியதும் அந்த இறுக்கம் மறுநாள் மதியம்வரை கையிலேயே தங்கிவிடுகிறது. வேகம் போய்விட்டது என்று பலர் புலம்புவது இதைத்தான். உண்மையில் பலருக்கு வேகம் போகவில்லை, தளர்வுதான் போயிருக்கிறது. வேகத்தை மீட்கிறேன் பேர்வழி என்று தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 160-ல் வைத்துச் சாதகம் செய்வது புண்ணைச் சொறிவதற்குச் சமம்.

ஆகவே முதல் வேலை கையில் இல்லை, காதில். ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்துக் காது இருக்கும் திசைக்குச் சாய்த்துவிடுங்கள். முழங்காலுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் காதுக்குக் கேட்கும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளான பிக்கப்பைக் கொஞ்சம் உயர்த்தலாம். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பியை அழுத்திப் பிடித்தபடி பார்த்தால், கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அதற்கு மேல் நெருக்கினால், முக்கியமாகக் கழுத்துப் பக்கத்து ஒற்றைச் சுருள் பிக்கப்பில், காந்தம் தடிமனான கம்பிகளை இழுத்துச் சுருதியை நடுங்க வைக்கும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் காம்ப்ரஸர் பெடல் இருந்தால் 3-க்கு 1 விகிதம் போதும். அட்டாக்கை, அதாவது அது பிடிக்கத் தொடங்கும் வேகத்தை, மெதுவாக வையுங்கள். மீட்டின் முதல் கிள்ளல் நசுங்காமல் வெளியே வரும், பின்னால் வரும் நாதத்தை பெடல் தூக்கிப் பிடிக்கும். இவ்வளவும் செய்த பிறகு அடிக்கும் பலத்தைப் பாதியாகக் குறைத்தாலும் முன்வரிசைக்கு வித்தியாசம் தெரியாது. வாசிப்பவருக்குத்தான் தெரியும், அதுவும் முதல் பத்து நாளைக்கு.

கல்யாண வீடு இதற்கு நேர் எதிர். நாட்டுக்கோட்டை நகரத்தார் வீட்டு வளவில் உட்கார்ந்து வாசித்தால், கீழே ஆத்தங்குடி ஓடு, சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு பளபளக்கும் சுவர். இரண்டும் சத்தத்தைக் குடிக்காது, திருப்பி எறியும். பொட்டலில் பழகிய அடியை இங்கே அடித்தால் ‘டிக் டிக்’ என்று பிளக்ட்ரம் சத்தம் ஒரு பக்கம், ஒன்றோடொன்று ஒட்டிய ஸ்வரக் குழம்பு ஒரு பக்கம். மூத்த கைகள் இந்த இடத்தில் பிளக்ட்ரத்தைத் திருப்பி, நுனிக்குப் பதிலாக உருண்டையான தோளால் வாசிக்கும். கிள்ளல் மட்டுப்படும், கம்பியில் மாட்டுவதும் குறையும். பொட்டலிலும் இதையே செய்யலாமே என்று பலருக்குத் தோன்றுவதில்லை.

பிடிக்கு வருவோம். இங்கேதான் நிறைய நிற்க வேண்டும்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடிக்கும்போது நுனியில் ஒரு கிலோ அழுத்தம் இருந்தால், கட்டைவிரலின் அடிமூட்டில், அதாவது மணிக்கட்டை ஒட்டிய அந்தச் சின்ன மூட்டில், பத்து மடங்குக்கு மேல் விசை இறங்குகிறது. வயதாக ஆகத் தேயும் மூட்டுகளில் அது முக்கியமானது. ஜாடி மூடியைத் திறக்கும்போதும் சாவியைத் திருகும்போதும் அந்த இடம் வலித்தால், கிட்டாரிலும் அதே கிள்ளலைத்தான் மணிக்கணக்கில் செய்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். பிடியில் கால் கிலோ குறைந்தால் மூட்டில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் குறையும்.

பிடி எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு ரிதம் பகுதியை மேடைச் சத்தத்தில் வாசித்துக்கொண்டே சட்டென்று நிறுத்தி, கையை அசைக்காமல், இடது கையால் பிளக்ட்ரத்தின் நுனியைப் பிடித்து இழுங்கள். லேசான உரசலோடு வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. கட்டைவிரலும் சேர்ந்து இழுபட்டு வந்தால் அதிகம். நகத்தடி வெளுத்திருந்தால் மிக மிக அதிகம்.

இறுகுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, வெளியே நீட்டியிருக்கும் நுனி. எட்டு, பத்து மில்லிமீட்டர் நீட்டிப் பிடித்தால் அது நெம்புகோல் ஆகிவிடும். கம்பி தட்டும்போதெல்லாம் பிளக்ட்ரம் திரும்பப் பார்க்கும், திரும்பாமல் இருக்க விரல் இறுகும். மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் போதும். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவின் பக்கவாட்டில் பிளக்ட்ரத்தைப் படுக்கவைத்து, கட்டைவிரல் தசையை மேலே சும்மா வைத்தாற்போல் வையுங்கள்.

இரண்டாவது காரணம் வியர்வை. பங்குனி, சித்திரையில் ஹாலஜன் விளக்குக்குக் கீழே வாசிப்பவருக்கு விளக்கம் வேண்டாம். டால்கம் பவுடர் போடாதீர்கள். ஈரம் பட்டதும் களிம்பாகி இன்னும் வழுக்கும். பிளக்ட்ரத்தின் இரண்டு முகத்திலும் 120-ஆம் எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டரைத் தொட வேண்டாம், அங்கே கீறினால் கம்பியில் கரகரக்கும். காகிதம் துளைக்கும் பஞ்சால் நடுவில் ஒரு ஓட்டை போடுவதும் நன்றாக வேலை செய்யும். இரண்டு விரலின் தோலும் அந்த ஓட்டையில் சந்தித்து ஒட்டிக்கொள்ளும். மெல்லிய நைலானில் பஞ்ச் இறங்கும், தடித்த டெல்ரின் பிளாஸ்டிக்குக்குத் துளைக்கருவி வேண்டும்.

தடிமனைப் பற்றிப் பரவலாக ஒரு தப்பான எண்ணம் உண்டு. கை வலிக்கிறது, மெல்லியதற்குப் போகலாம் என்பார்கள். 0.46 மில்லிமீட்டர் பிளக்ட்ரம் ரிதத்துக்கு இதம்தான், கம்பி தட்டும்போது அதுவே வளைந்து கொடுக்கும். ஆனால் தனி மெட்டு வாசிக்கும் லீடில் அந்த வளைவு திரும்பி நிமிரும்வரை ஸ்வரம் தாமதப்படும், அதை ஈடுகட்டக் கை இன்னும் ஓங்கும். அடிமூட்டு தேய்ந்தவர்களுக்கு நேர் எதிர்த் திசைதான் சரி. 1.5 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன், நுனி உருண்டை, விளிம்பு நன்றாக மழித்தது. தடித்த பொருளைப் பிடிக்க மெல்லிய பொருளைவிடக் குறைவாகக் கிள்ளினால் போதும். மெல்லிய பேனாவைவிடத் தடித்த பேனா கைக்கு இதமாக இருப்பதும் இதனால்தான். பேஸ்காரர்கள் வைத்திருக்கும் பெரிய முக்கோணமும் நல்லது. பரப்பு அதிகம், ஒரு மூலை தேய்ந்தால் அடுத்த மூலைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

அடுத்து கம்பி. 25.5 அங்குல நீளக் கிட்டாரில் 10–46 செட் (முதல் கம்பி 0.010, ஆறாவது 0.046 அங்குலத் தடிமன்) சுமார் 46 கிலோ இழுவிசையில் நிற்கிறது. 9–42 மாட்டினால் சுமார் 38 கிலோ. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். இலவசமாக வராது. கழுத்தின் வளைவு மாறும், கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருத்த வேண்டும், பிரிட்ஜில் ஸ்ருதி நீளத்தை ஆறு கம்பிக்கும் மறுபடி அமைக்க வேண்டும். மிதக்கும் பிரிட்ஜ் என்றால் பின்பக்க ஸ்பிரிங் திருகையும் தளர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் கம்பியை மட்டும் மாற்றிவிட்டு, ‘மெல்லிய கம்பி ஜர்ரென்கிறது’ என்று திரும்பிப் போனவர்கள் ஏராளம். இன்னொரு சங்கடமும் உண்டு. லேசான கம்பியைப் பழைய பலத்தோடு அடித்தால், அடித்த கணத்தில் சுருதி மேலே ஏறி இறங்கும். பாடகர் திரும்பிப் பார்ப்பார். ஆகவே கம்பியை மாற்றுவதும் அடியைக் குறைப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஆறு கம்பியையும் அரைச் சுருதி இறக்கிவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டுக்கொள்ளுங்கள். சுருதி பழையபடியே கேட்கும், இழுவிசை மட்டும் 11 சதவீதம் குறைந்திருக்கும். அகூஸ்டிக்கில் இதன் சுகம் நன்றாகத் தெரியும். புள்ளி அடையாளங்கள் ஒரு கட்டம் தள்ளிப்போவது முதல் வாரம் குழப்பும்.

பழைய கம்பி கையின் எதிரி என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வியர்வை பட்டுத் துருவேறிய சுற்றுக் கம்பி அரம் மாதிரி பிளக்ட்ரத்தைப் பிடிக்கும். உலோக அரிமானத்தை ஆராய 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் காரைக்குடியில், கச்சேரி முடிந்ததும் கம்பியைத் துடைக்காமல் உறையில் போட்டு மூடுகிறோம். அடிப்பக்கமும் படும்படி ஒரு பருத்தித் துணியால் துடைக்க இரண்டு நிமிடம் ஆகுமா?

இனி முக்கியமான விஷயம்: எத்தனை மீட்டு, எங்கே மீட்டு.

டெம்போ 120-ல் (நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு) சிக்ஸ்டீன்த் ரிதம், அதாவது தாளத் தட்டுக்கு நான்கு மீட்டு, என்றால் நொடிக்கு எட்டுத் தட்டல். நான்கு நிமிடப் பாட்டுக்கு 1,920. ஒரு ராத்திரியில் அப்படிப் பத்துப் பாட்டு வந்தால் இருபதாயிரத்தை நெருங்கும். இவற்றில் பாடலுக்கு உண்மையிலேயே வேண்டியவை எத்தனை என்று கேட்பதில்தான் மூத்த வாசிப்பின் சூட்சுமம் இருக்கிறது. பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். காரைக்குடி சகோதரர்கள் வீணைக்குப் பேர் போன ஊர் இது. சுப்பராம ஐயர் (1883–1936) வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தவர். தம்பி சாம்பசிவ ஐயர் (1888–1958) சங்கீத கலாநிதி பட்டம் வாங்கியபோது வயது 64. வீணைக்காரர் வலது கையைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீட்டும், சுண்டுவிரல் தாளக் கம்பியைப் பார்த்துக்கொள்ளும். கட்டைவிரல் எதையும் கிள்ளிப் பிடிப்பதில்லை. அந்த அடிமூட்டுக்கு அங்கே ஓய்வு.

அதைவிடப் பெரிய பாடம், சாகித்யத்தில் எழுத்து விழும் இடத்தில்தான் மீட்டு விழும் என்பது. நடுவில் வரும் ஸ்வரங்களை இடது கை இழுத்தும் வழுக்கியும் பார்த்துக்கொள்ளும். கிட்டாரில் பாட்டு மெட்டு வாசிக்கும்போது இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘ஆராரோ’ என்ற ஒரு தாலாட்டுச் சொல்லை எடுங்கள். எழுத்து மூன்று. மெட்டில் எட்டு ஸ்வரம் இருந்தாலும் ஆ, ரா, ரோ என்ற மூன்று இடத்தில் மட்டும் மீட்டி, மற்ற ஐந்தையும் ஸ்லைடு (வழுக்கல்), ஹேமர் ஆன் (விரலால் தட்டி எழுப்புவது), புல் ஆஃப் (விரலை இழுத்து எடுப்பது) என்று இடது கையிடம் விட்டுவிடுங்கள். எட்டையும் மீட்டினால் கிட்டார் மாதிரி கேட்கும். மூன்றை மீட்டினால் பாட்டு மாதிரி கேட்கும். வலது கைக்கு ஐந்து அடி மிச்சம் என்பது கொசுறு.

வேகமான ஓட்டங்களுக்கு வேறு கணக்கு. கை தடுக்குவது பெரும்பாலும் ஒரே கம்பியில் இல்லை, கம்பி மாறும் இடத்தில். பிளக்ட்ரத்தின் மேல்முனை தரையைப் பார்த்தும் நுனி கூரையைப் பார்த்தும் சற்றே சாய்ந்திருந்தால், மேல் தட்டல் முடியும்போது அது கம்பிகளின் தளத்தை விட்டு வெளியே வந்திருக்கும். கீழ்த் தட்டல் முடியும்போது இரண்டு கம்பிக்கு நடுவே சிக்கியிருக்கும். சிக்கிய நிலையிலிருந்து தாண்டத்தான் மணிக்கட்டு உதறுகிறது. ஆகவே மேல் தட்டலுக்குப் பிறகே கம்பி மாறும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். கம்பிக்கு மூன்று ஸ்வரம் என்றால்: கீழ் தட்டல், ஹேமர் ஆன், மேல் தட்டல், அடுத்த கம்பி. இறங்கும்போது ஹேமருக்குப் பதில் புல் ஆஃப். மூன்றில் இரண்டுதான் மீட்டு, தாண்டல் எப்போதும் வெளியே வந்த பிறகு. ஆரம்பத்தில் ஹேமர் ஸ்வரம் மெலிந்து கேட்கும். அதற்கு இடது விரலைப் பலமாக அடிக்கத் தேவையில்லை. ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் அடித்தால் போதும்.

மீட்டும் இடத்தையும் மாற்றலாம். பிரிட்ஜை ஒட்டிக் கம்பி விறைப்பாக இருக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கழுத்துப் பக்கம் நகர்ந்தால் வளைந்து கொடுக்கும். ஒலி உருண்டையாகிவிட்டால் டோன் குமிழைக் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள்.

பிளக்ட்ரத்தையே விட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ராக் கிட்டார்காரர் ஜெஃப் பெக் 1980-களில் அதைக் கைவிட்டு கட்டைவிரலாலும் விரல்களாலும் வாசிக்க ஆரம்பித்தார், அவருடைய தனிக் குரலே அதற்குப் பிறகுதான் முழுசாக வெளிப்பட்டது என்பது என் கட்சி. அமெரிக்கக் கிட்டார்காரர் ஸ்டீவ் மோர்ஸுக்கு வலது மணிக்கட்டு தேய்ந்துபோனபோது, பல பத்தாண்டு பழகிய மீட்டு முறையை மாற்றிக்கொண்டு மேடையில் நின்றார். இன்னொரு அமெரிக்கக் கிட்டார்காரர் லெஸ் பால் மூட்டுவாதத்தோடு தொண்ணூறைத் தாண்டியும் நியூயார்க்கில் வாராவாரம் வாசித்தார். அவர்களில் யாரும் இளமையில் வாசித்ததை அப்படியே வாசிக்க முயலவில்லை.

முழுக்க விரலுக்கு மாற மனமில்லாதவர்களுக்கு நடுவழி தம்ப் பிக். கட்டைவிரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்வது. கிள்ளும் வேலையே இல்லை. ஆனால் வாங்கியபடியே மாட்டி வாசித்துவிட்டு, சரிப்படவில்லை என்று தூக்கிப் போடுவார்கள். அது தையல்காரரிடம் அளவு கொடுப்பது போலப் பொருத்திக்கொள்ள வேண்டிய பொருள். கொதி அடங்கிய வெந்நீரில் இருபது முப்பது நொடி முக்கி, துணியால் எடுத்து, கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு மரக்குச்சியில் மாட்டி ஆறவிடுங்கள். நெருப்பில் காட்ட வேண்டாம், செல்லுலாய்டு குப்பென்று பற்றும். விரல் நுனி நீலம் பாரித்தாலோ துடித்தாலோ இறுக்கம், மீட்டும்போது சுழன்றால் தளர்வு. அலகு பெரும்பாலும் நீளமாகவே வரும். நகவெட்டியால் ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் குறைத்து, நக அரத்தால் உருட்டிவிட்டால்தான் கைக்கு வசப்படும்.

வலியின் ரகங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கட்டைவிரல் அடியில் கிள்ளும்போது வலி என்றால் மேலே சொன்ன மூட்டு. கட்டை, ஆள்காட்டி, நடுவிரல் ராத்திரியில் மரத்துப்போய் எழுப்பிவிட்டால், மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுகிறது. ஸ்ட்ராப்பை உயர்த்தி மணிக்கட்டை நேராக்குங்கள், மருத்துவரையும் பாருங்கள். விரல் மடங்கி ‘டக்’கென்று விடுபட்டால் அது வேறு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். வலியே இல்லாமல் ஒரு விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் சுருண்டுகொண்டால், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். சாதகத்தை அதிகப்படுத்தினால் அது வளரும். உடனே நிறுத்திவிட்டு நரம்பியல் நிபுணரிடம் போக வேண்டிய விஷயம். ஏசி மண்டபத்தில் கை விறைப்பது இவற்றில் சேராது. வாசிப்புக்கு முன்னால் வெந்நீர் டம்ளரை இரண்டு நிமிடம் பிடித்திருந்தால் சரியாகும்.

மாற்றத்துக்கு நாள் குறிக்க வேண்டும். தை பிறந்தால் கல்யாணம், மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா, ஆடியில் ஊரெல்லாம் அம்மன். இந்த நடுவே புதுப் பிடியைப் பழகினால் மேடையில் பாதிப் பாட்டுக்குள் பழைய பிடி வந்து உட்கார்ந்துகொள்ளும். மார்கழி தோது. கல்யாணம் இல்லை, கை காலியாக இருக்கும். எட்டு வாரம் வேண்டும் என்பதால் கார்த்திகை பிறந்ததுமே தொடங்கிவிடுங்கள். முதல் மூன்று வாரம் மெட்ரோனோம் 60-ஐத் தாண்ட வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாக நாளைக்கு மூன்று தடவை, நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி. நான்காவது வாரத்திலிருந்து மூன்று நாளைக்கு நான்கு புள்ளி ஏற்றலாம். இழுத்துப் பார்க்கும் சோதனையில் கட்டைவிரல் கூடவே வந்தால் எட்டுப் புள்ளி இறக்குங்கள். ஆறாவது வாரத்தில் மேடை வாய்த்தால், புது முறையை இரண்டு மெதுவான பாட்டில் மட்டும் வையுங்கள், அதுவும் நிகழ்ச்சியின் ஆரம்பத்தில். குத்துப்பாட்டு வரிசை தொடங்கியதும் எந்தக் கைக்கும் புத்தி நிற்காது.

பழைய பிளக்ட்ரத்தைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் இருக்கட்டும். தை முதல் முகூர்த்தத்துக்குப் புறப்படும்போது புதியதை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் மறுபடி ரம்பப் பல் தெரிந்தால், அன்றைக்கு ஆம்பை இன்னும் ஒரு முழம் உயர்த்தி வையுங்கள், மறுநாள் காலையில் மெட்ரோனோம் 60.